விளையாட்டு விழாவுக்கு யார் வீட்டுப் பணம்?

2025 நவம்பர் 26, அரசமைப்பு நாள். நம் ஊர்களில் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டு, அரசமைப்பின் முகவுரையை வாசித்து உறுதிமொழி எடுத்துக்கொண்ட அதே நாளில்தான், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுக்குழு 2030-ஆம் ஆண்டுப் போட்டிகளை ஆமதாபாத்துக்கு வழங்கியது. 1930-இல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கிய போட்டிகளுக்கு அது நூற்றாண்டு. இந்தியா அவற்றை நடத்தப்போவது இரண்டாவது முறை. அடுத்து 2036 ஒலிம்பிக்கையும் கேட்கிறோம்.

மகிழ்ச்சிதான். நம் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள், பளு தூக்குகிறார்கள். விளையாட்டுக்கு நாம் எதிரி அல்ல. ஆனால் இந்தியாவில் முதல்முறை இந்தப் போட்டிகள் நடந்தபோது, அதாவது 2010-இல் டெல்லியில், நம் மக்களுக்கு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை. மறக்க விரும்புகிறவர்களுக்கு நினைவூட்டுவதும் இந்தப் பத்தியின் வேலை.

போட்டிக்கு ஒரு நகரம் தேர்வானதும் அமைப்புக் குழு என்று ஒன்று பிறக்கும். அழைப்பிதழ், டிக்கெட், விளம்பரதாரர், தொடக்க விழா, வீரர்களின் தங்குமிடம் எல்லாம் அதன் பொறுப்பு. மைதானமும் மேம்பாலமும் கட்டுவது அரசுத் துறைகளின் பொறுப்பு. போட்டித் தேதி மட்டும் எல்லோருக்கும் பொது. தேதி நெருங்க நெருங்க விதிகள் தளரும். “நாட்டின் மானம்” என்ற ஒரு சொல்லில் எல்லாக் கோப்புகளும் நகரும். அந்த அவசரத்தில் முதலில் மிதிபடுவது யார் என்பதை இரண்டு போட்டிகளின் கதை சொல்லும்.

ஒன்பது ரூபாய் இருபத்தைந்து பைசா

1982 ஆசிய விளையாட்டுப் போட்டி. அதன் சிறப்பு அமைப்புக் குழுவுக்குத் தலைவர் பூட்டா சிங். பட்டியல் சமூகத்தில் பிறந்த சீக்கியர், பிற்காலத்தில் தேசிய எஸ்.சி. ஆணையத்துக்கும் தலைவராக இருந்தவர். உச்சியில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அடியில் என்ன நடந்தது?

ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், ஒடிசா கிராமங்களிலிருந்து மேஸ்திரிகள் மூலம் ஆட்களைத் திரட்டிவந்து மைதானங்களும் மேம்பாலங்களும் கட்டினார்கள். அன்றைய டெல்லியில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 பைசா. ஒப்பந்ததாரர் அதை மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரி ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் தந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள் என்றும் புகார் இருந்தது. ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்கானது.

1982 செப்டம்பர் 18 அன்று நீதிபதி பகவதி தந்த தீர்ப்பு, சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் இன்றும் படிக்கும் தீர்ப்பு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். அடிக்கிற கை மட்டும் கட்டாயப்படுத்துவதில்லை, பசியும் கட்டாயப்படுத்தும் என்பதை ஏற்றுக்கொண்டது. தீண்டாமையை ஒழித்த 17-ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடுக்கும் 23-ஆம் பிரிவும், குழந்தைத் தொழிலாளரைக் காக்கும் 24-ஆம் பிரிவும் அரசை மட்டுமல்ல, தனியாரையும் கட்டும் என்றும் சொன்னது. ஒப்பந்ததாரர்தான் பொறுப்பு, நாங்கள் இல்லை என்று அரசு கைகழுவ முடியாது என்றது.

அந்தத் தொழிலாளர்களின் சாதியைத் தீர்ப்பு எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. கல் சுமக்க ஊரைவிட்டு மூட்டை கட்டுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து கிளம்புகிறார்கள் என்று நமக்குத் தெரியும். நாற்காலியில் நம்மவர் ஒருவர் இருப்பது நல்லது. ஆனால் ஒப்பந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தொங்குகிறவருக்கு அந்த நாற்காலி கைகொடுக்கவில்லை.

28 ஆண்டுகள் கழித்து அதே டெல்லியில் அதே சங்கம் மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. காமன்வெல்த் கட்டுமானத் தளங்களைப் பார்வையிட டெல்லி உயர் நீதிமன்றம் 2010-இல் அமைத்த, முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் இடம்பெற்ற குழு, தொழிலாளர் சட்டங்கள் மீறப்படுவதைக் கண்டு அறிக்கை தந்தது. தீர்ப்பு புத்தகத்தில் இருந்தது, தளத்தில் இல்லை.

744 கோடி

இனி பணத்தின் கதை. இதுதான் நம் வீட்டுக் கதை.

மக்கள்தொகையில் நம் பங்கு எத்தனை சதவீதமோ, திட்டச் செலவில் அத்தனை சதவீதத்தை நம் மேம்பாட்டுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பதுதான் பட்டியல் சாதியினர் துணைத்திட்டத்தின் அடிப்படை. 1979-80-இல் சிறப்பு உட்கூறுத் திட்டம் என்ற பெயரில் தொடங்கியது. இந்தப் பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது, செலவாகாமல் காலாவதியாக விடவும் கூடாது என்பது திட்டக் குழுவின் வழிகாட்டுதல். இது யாரும் போடும் பிச்சை அல்ல. நூற்றாண்டுகளாகத் தராமல் வைத்திருந்த பாக்கியில் ஒரு சிறு தவணை.

2010-இல், வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலைப்பின்னல் என்ற அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் ஆவணங்களைக் கேட்டு வாங்கியது. 2006-07 தொடங்கி டெல்லி அரசு நம் துணைத்திட்டத்திலிருந்து சுமார் 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பிவிட்டது என்று தெரியவந்தது. இந்தப் பணம் நேரடியாக அமைப்புக் குழுவின் கைக்குப் போனது என்று நாம் சொல்லவில்லை. அரசுத் துறைகள் போட்டி தொடர்பான பணிகளுக்குச் செலவிட்டன. விழா ஒன்றுதான், பைகள்தான் வேறு வேறு.

நாடாளுமன்றம் கொதித்தது. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், பணம் திருப்பிவிடப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன தொகை சுமார் 678 கோடி. அது திரும்ப வர நடவடிக்கை எடுப்பதாகவும் சொன்னார்.

ஒப்புக்கொண்டதைப் பாராட்டலாம். ஆனால் பணத்தைத் திருப்பித் தருவது என்றால் என்ன? ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கல்வி உதவி என்று வைத்துக்கொண்டால், 744 கோடியில் 7 லட்சத்து 44 ஆயிரம் மாணவர்களை ஓராண்டு படிக்கவைக்கலாம். 2007-இல் பணம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பெண்ணிடம் 2012-இல் போய், “உன் பணம் வந்துவிட்டது, வா” என்று சொல்ல முடியுமா? அதற்குள் அவள் கையில் ஒரு குழந்தையும், நூறு நாள் வேலை அட்டையும் இருக்கும். ரூபாய் திரும்பி வரலாம், வயது வராது.

அந்தப் போட்டிகளுக்கு மொத்தம் 18,532 கோடி ரூபாய் என்று சி.ஏ.ஜி. 2011 ஆகஸ்டில் தந்த அறிக்கையில் கணக்கிட்டது. அதோடு 744 கோடியை ஒப்பிட்டால் நூற்றுக்கு நான்கு. இத்தனை பெரிய பந்தியில் நான்கு ரூபாய்க்கு ஏன் நம் சட்டைப் பையில் கைவைத்தார்கள் என்று யோசிக்க வேண்டும். வேறு யார் பணத்தில் கைவைத்தாலும் மறுநாளே சத்தம் வரும். நம் பணத்தில் கைவைத்தால் நாலு வருடம் கழித்து ஓர் ஆர்.டி.ஐ. மனுவில்தான் தெரியவரும். அந்தத் தைரியம்தான் காரணம்.

இன்னொன்றையும் பாருங்கள். விழா உரிமையைப் பெற 2003-இல் டெல்லி தந்த வாக்குறுதிகளில் ஒன்று, பங்கேற்கும் ஒவ்வொரு நாட்டு அணிக்கும் பயிற்சிக்காக ஒரு லட்சம் டாலர். அன்றைக்கு 72 அணிகள். அமைப்புக் குழு அரசின் பிடியில் இருக்கும் என்றுதான் தொடக்கத்தில் எழுதினார்கள். பிறகு இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் சுரேஷ் கல்மாடியின் தலைமையில் அது ஒரு பதிவுபெற்ற சங்கமாக அமைந்தது. பணம் அரசுடையது, பிடி தனியாருடையது என்ற இந்த ஏற்பாட்டைத்தான் சி.ஏ.ஜி. கடுமையாகக் குறை சொன்னது. கல்மாடி 2011-இல் கைதாகிப் பல மாதம் திகாரில் இருந்தார். பண மோசடி வழக்கில் ஆதாரமில்லை என்று அமலாக்கத்துறை தந்த முடிப்பு அறிக்கையை 2025 ஏப்ரலில் டெல்லி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்குகளின் சரி தவறு நீதிமன்றத்தின் வேலை. நமக்கு உறுத்துவது வேறு. கழிப்பறைத் தாள் சுருளுக்கு நாலாயிரம் ரூபாயா என்று தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் கேட்டன. சேரிப் பிள்ளைகளின் பணம் எங்கே என்று அதில் பத்தில் ஒரு பங்கு நேரமாவது கேட்டார்களா? அதற்காக ஓர் அதிகாரி தண்டனை பெற்றார் என்ற செய்தியை நாம் படித்ததில்லை.

பாராபுல்லா ஓரத்துத் தமிழர்கள்

இது டெல்லி சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா என்றொரு பெரிய சாக்கடைக் கால்வாய் இருக்கிறது. அதன் ஓரத்தில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப்போன தலித் குடும்பங்கள் முப்பது வருடத்துக்கு மேலாகக் குடியிருந்தன. வீட்டு வேலை, கூலி வேலை, துப்புரவு வேலை செய்து டெல்லியைத் துலக்கிவைத்தவர்கள். 2010-இல் விழாவுக்காக அந்தக் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். 350-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஜவாஹர்லால் நேரு மைதானத்துக்கு வருகிறவர்களின் கார்களை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. மேலே சொன்ன அதே அமைப்பு இதையும் ஆவணப்படுத்தியது. போட்டிகளையொட்டி டெல்லியில் வெளியேற்றப்பட்டவர்கள் இரண்டு லட்சம் பேராவது இருப்பார்கள் என்பது அதன் மதிப்பீடு.

அதே ஜங்புராவில், அதே கால்வாய் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப்பையும் 2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள். அந்த முறை காரணம் விளையாட்டு அல்ல, கால்வாய் தூர்வாரல், நீதிமன்ற உத்தரவு. சுமார் 370 வீடுகள். தகுதி பெற்றவர்களுக்கு நகரின் மறுகோடியில், நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். விழா வந்தாலும் வெள்ளம் வந்தாலும் புல்டோசர் முதலில் எந்தத் தெருவுக்கு வழி கேட்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த விழாவின் கடைசி வாரங்களில் இன்னொரு வேடிக்கை நடந்தது. வீரர்கள் தங்கும் குடியிருப்பு அசுத்தமாக இருக்கிறது என்று வெளிநாட்டு அணிகள் படம் எடுத்துக் காட்டின. அமைப்புக் குழுவின் பொதுச் செயலாளர், சுத்தம் பற்றி அவர்களுக்கு ஓர் அளவுகோல், நமக்கு ஓர் அளவுகோல் என்ற பொருளில் பதில் சொல்ல, உலகமே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த நாட்டில் சுத்தத்துக்கு இரண்டு அளவுகோல் இருப்பது உண்மைதான். அசுத்தம் செய்கிறவருக்கு ஒன்று, அதை அள்ளுகிறவருக்கு ஒன்று. கடைசி நேரத்தில் அந்த அறைகளைக் கழுவித் துடைத்தவர்கள் தொடக்க விழா மேடையில் நின்றார்களா?

“எல்லோருக்கும் தானே பாலம்?”

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. “பாலத்தில் தலித்துகளும்தானே போகிறார்கள்? மைதானத்தில் அவர்கள் பிள்ளைகளும்தானே விளையாடுவார்கள்? அப்படியானால் துணைத்திட்டப் பணத்தில் ஒரு பங்கைப் போட்டால் என்ன தவறு?” கேட்க நியாயம் போலத் தோன்றும். நம் நண்பர்கள் சிலரே இதில் தடுமாறுவதைப் பார்க்கிறோம்.

நம் பதில் எளிது. எல்லோருக்கும் பொதுவான பாலத்தை எல்லோருக்கும் பொதுவான பணத்தில் கட்டுங்கள். அந்தப் பொதுப் பணத்திலும் நாம் தீப்பெட்டிக்குக் கட்டிய வரி இருக்கிறது. துணைத்திட்டம் என்பது பொதுவில் விடுபட்டதை ஈடுகட்ட வந்தது. அதையும் கொண்டுபோய்ப் பொதுவில் கொட்டினால், ஒரே பாலத்துக்கு நம்மிடம் இரண்டு முறை சுங்கம் வசூலித்ததாகத்தான் அர்த்தம்.

இந்த வாதம் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமல்ல. கர்நாடகத்தில் 2023-24-இல் துணைத்திட்ட நிதியிலிருந்து 11,144 கோடி ரூபாயை ஐந்து உத்தரவாதத் திட்டங்களுக்கு எடுத்தபோது, பயன்பெறுவோரில் நம் மக்களும் உண்டு என்றுதான் சொன்னார்கள். அதே 2023-இல் மகளிர் உரிமைத் தொகைக்குத் துணைத்திட்ட நிதியை எடுத்ததாகத் தேசிய எஸ்.சி. ஆணையம் நம் மாநில அரசிடமும் விளக்கம் கேட்டது. எஸ்.சி. பெண்களுக்குச் சேரும் பங்கை மட்டுமே அதிலிருந்து எடுக்கிறோம் என்றது அரசு. மாதம் ஆயிரம் ரூபாய் நம் பெண்களின் கையில் சேருவது நல்ல காரியம், அதை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் மற்ற பெண்களுக்குப் பொதுக் கணக்கிலிருந்தும், நம் பெண்களுக்கு நம் கணக்கிலிருந்தும் கொடுப்பது சரிதானா என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

இரண்டாவது பதில், “விளையாட்டு சாதியை உடைக்கும்” என்பது. உடைத்தால் நமக்கு இனிப்புதான். 2021-இல் டோக்கியோவில் ஹாட்ரிக் கோல் அடித்து, ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண் என்று பெயரெடுத்தார் வந்தனா கட்டாரியா. அரையிறுதியில் அணி தோற்றதும் ஹரித்வாரில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தார்கள். பதக்கம் வந்தால் இந்தியர், தோற்றால் சாதிக்காரர். மைதானம் கட்டுவதால் மட்டும் இது மாறாது.

இப்போதே கேட்போம்

2010-இல் நமக்குத் தெரியவந்தபோது பணம் செலவாகிவிட்டது. 2030-க்கு இன்னும் காலம் இருக்கிறது. எனவே வரிசையாகக் கேட்டுவைப்போம்.

ஒன்று. ஆமதாபாத் போட்டிகளுக்கோ, அவற்றின் பெயரில் நடக்கும் சாலை, ரயில், நகர அழகுபடுத்தும் பணிகளுக்கோ மத்திய அரசும் குஜராத் அரசும் எஸ்.சி., எஸ்.டி. மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காது என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

இரண்டு. அமைப்புக் குழு எந்தப் பெயரில் பதிவானாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். டெல்லி அமைப்புக் குழு பொது அதிகார அமைப்பே என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து வழக்காட விடக் கூடாது.

மூன்று. குழுவின் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு உண்டா, இல்லையா? அரசுப் பணத்தில் சம்பளம் தரும் இடத்தில் “இது சங்கம், இங்கே இட ஒதுக்கீடு கிடையாது” என்ற பதிலை ஏற்க முடியாது.

நான்கு. 1982 தீர்ப்பை ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் நிபந்தனையாக எழுத வேண்டும். கூலி மேஸ்திரி கைக்குப் போகாமல் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒரு மனிதரையும் இறக்கக் கூடாது.

ஐந்து. மாற்று வீட்டின் சாவியைக் கையில் கொடுக்காமல் ஒரு குடிசையையும் தொடக் கூடாது.

ஆமதாபாத்துக்குக் கேள்வி கேட்கிற நாம், நம் மாவட்டத்துக்கும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் எஸ்.சி., எஸ்.டி. வளர்ச்சி செயல்திட்டத்துக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. பல ஆண்டு போராட்டத்தின் பலன் அது. மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் நமக்கு அது கையில் வந்த ஆயுதம். ஆனால் நம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு விடுதியில் தண்ணீர்த் தொட்டி உடைந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கேட்டால் “நிதி வரவில்லை” என்கிறார்கள். வரவில்லையா, வந்து வேறெங்காவது போனதா என்பது யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. டெல்லியின் 744 கோடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது துப்பறியும் படை அல்ல. தகவல் கேட்டு எழுதிய மனுக்கள்தான். அதற்குக் கட்டணம் பத்து ரூபாய், ஒரு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். உங்கள் ஊராட்சிக்கு, உங்கள் பிள்ளை தங்கும் விடுதிக்கு, உங்கள் குடியிருப்பின் சாலைக்கு இந்த ஆண்டு இந்த நிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்கினார்கள், எதற்குச் செலவிட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு, படித்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். பதில் வந்தால் ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

2030-இல் ஆமதாபாத்தில் கொடி ஏறும்போது நாமும் கைதட்டுவோம். அந்த மைதானத்தின் ஒரு செங்கல்லும் நம் பிள்ளையின் படிப்புப் பணத்தில் வாங்கியது அல்ல என்று தெரிந்தால், இன்னும் பலமாகவே தட்டுவோம்.